மர்சூக்கின் வீடு

பெப்ரவரி 3, 2025

காணிக் கச்சேரிக்கு, அதுதான் காணி விசாரணைக்கு, வரச் சொல்லிக் கடிதம். 1990இல் வாவிக்கு அப்பால் படுவான்கரையில் நாங்கள் விட்டுவிட்டு ஓடிவந்த வீட்டு வளவு பற்றி. முப்பத்தைந்து வருடத்தில் நான் கொடுத்த பதினோராவது மனுவுக்கு முதல் பதில். அரசாங்கத்துக்கு என்ன இவ்வளவு அவசரம்!

'உரிமையாளர்: மர்சூக்' என்று போட்டிருக்கிறார்கள். மர்சூக் என் புருஷன். அவருக்கேது வீடு? எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். உம்மா எனக்குச் சீதனமாகத் தந்த வீட்டுக்கு ஒரு சூட்கேசோடு வந்த மாப்பிள்ளை அவர்.

பெப்ரவரி 4

கேட்டேன். முழுசினார். அகதி முகாமில் படிவம் நிரப்பும்போது தன் பெயரை எழுதினாராம். "குடும்பத் தலைவர் ஆரெண்டு கேட்டான், எழுதினன்."

வீடு எரிந்த கிழமையில்தான் மனுஷனுக்கு முதன்முதலாக வீடு கிடைத்திருக்கிறது.

அந்தப் படிவத்தின் நகலைத் தன் சூட்கேசிலிருந்து எடுத்துக் காட்டினார். எத்தனை தென்னை, எத்தனை மாடு, எத்தனை கோழி - எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. என் தம்பி சரீபுக்குக் கட்டமில்லை.

பெப்ரவரி 6

மழை. தையல் மெஷினில் உட்கார்ந்தும் கை ஓடவில்லை.

அன்றைக்குத் துவக்கும் தோட்டாவுமாக வந்தவர்கள் முஸ்லிம் வீடுகளாகப் பார்த்துத் தட்டினார்கள். வெளிக்கிட ஒரு மணித்தியாலம் தந்தார்கள். பெரிய மனசு. தோணியடியில் நாங்கள் காத்து நிற்க, சரீப் மட்டும் வீட்டைப் பூட்டிவிட்டு வரத் திரும்பிப் போனான். பத்தொன்பது வயது. வரவேயில்லை.

எரிக்கப்போற வீட்டுக்குப் பூட்டு என்னத்துக்குடா? ஆரக் கேட்டுப் போனா நீ?

காத்தான்குடியில் "கொஞ்ச நாளைக்கு" இருக்கச் சொன்னார்கள். அந்தக் கொஞ்ச நாளில் ஊராருக்குச் சட்டை தைத்தே மூன்று மெஷினைத் தேய்த்துவிட்டேன்.

பெப்ரவரி 10

காணி அலுவலரிடம் போனேன். "உங்கட புருஷனுக்கு வேற வீடு இருக்கே அம்மா. அவருக்கு அந்த வளவும் தர ஏலாது." சுனாமித் திட்டத்தில் கிடைத்த இந்த வீடும் குடும்பத் தலைவர் பெயரில்தானே! வளவு என்னுடையது என்று மர்சூக் கச்சேரியில் எழுந்து சொன்னால் என் பெயருக்கு மாற்றலாமாம்.

"பொய் எழுதினன் எண்டு ஊருக்கு முன்னால சொல்லவா? மானம் போயிரும்" என்கிறார். ஓஹோ. எல்லாம் போனதில் அது மட்டும் பத்திரமாகத் தப்பி வந்திருக்கிறது.

எனக்கு அந்த வளவு வேண்டும். விற்பதற்கல்ல. சரீப் கடைசியாகப் போன இடம் அது. அவனை அடக்கிய கபுறு என்று ஒன்றுகூட இல்லை.

பெப்ரவரி 12

இன்றும் அதே சண்டை. பக்கத்து வீட்டு ஆமினா உம்மா மதிலால் எட்டிப் பார்த்து ரசித்தா.

பெப்ரவரி 17

கச்சேரி. நூறு பேருக்கு நாலு மின்விசிறி. மர்சூக் புதுச் சேட்டுப் போட்டு வந்தார், கலியாணத்துக்குப் போல.

பெயர் கூப்பிட்டதும் எழுந்தார். "அது என்ட வீடில்ல சேர். இவட உம்மா இவக்குக் குடுத்த வீடு. நான் அங்க வந்த மாப்பிள்ள."

முடிந்தது என்று நினைத்தேன். அவர் உட்காரவில்லை.

"ஆனா என்ட வீடு மாதிரித்தான் அதிகாரம் பண்ணினன். மச்சானப் போய்ப் பூட்டிட்டு வா எண்டு அனுப்பினதும் நான்தான்."

"அது இதுக்குத் தேவையில்ல" என்றார் அலுவலர். எழுதிக்கொள்ளவில்லை.

ஜூன் 20

கடிதம் வந்தது. உரிமையாளர்: உம்மு குல்தூம். நான்தான்.

எதற்கெல்லாமோ இந்த மனுஷனை ஏசியிருக்கிறேன். சரீபை அனுப்பியதற்கு மட்டும் ஏச வாய் வரவில்லை.

நாளை முதல் பஸ்ஸில் வளவைப் பார்க்கப் போகிறேன். "நானும் வரட்டா?" என்று வாசலில் நின்று கேட்டார்.

பஸ் காசை ஒருவருக்கு எண்ணுகிறேன், பிறகு இருவருக்கு, மறுபடி ஒருவருக்கு.