எண்பது யூரோவும் ஒரு கரும்புள்ளியும்

வோலோஸ், அக்டோபர் 4
போன் வாங்கிவிட்டேன். ஐந்து வருடத்துக்கு முந்தைய மாடல், எண்பது யூரோ. பேச, படகு நேரம் பார்க்க, மருந்துச் சீட்டு வர. இதற்கு மேல் எனக்கென்ன வேலை? மகள் எவாந்தியா தன் புதுப் போனுக்கு இன்னும் தவணை கட்டுகிறாள். புத்திமதி மட்டும் எனக்கு. "ஒரு தடவையாவது புதுசா வாங்கினா என்னப்பா?" பெற்ற மகளுக்கே நான் கஞ்சன். இருக்கட்டும்.

அக்டோபர் 6
காபிக்கடைக்காரன் ஸ்ட்ராத்திஸ் என் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதுக்கும் பென்ஷன் வருதா பெரியவரே?" எல்லாரும் சிரித்தார்கள். என் கூட்டாளி பொலிதோரோஸும் ஏதோ சொன்னான், எனக்குக் கேட்கவில்லை. தொண்டையில் அறுவை ஆனதிலிருந்து அவன் குரல் வெறும் காற்று. கடை டிவியோ அலறுகிறது. பேச்சே இல்லாமல் தாவ்லிப் பலகையில் காய் நகர்த்துகிறோம். திட்டிக்கொள்ளாமல் பகடை உருட்டுவது ஒரு ஆட்டமா? சத்தத்தைக் குறைக்கச் சொன்னால், அமைதி வேண்டுமென்றால் சர்ச்சுக்குப் போகச் சொல்கிறான் ஸ்ட்ராத்திஸ்.

அக்டோபர் 9
பொலிதோரோஸ் என் காதருகே வந்து சொன்னான்: "கத்திக் கத்தி வலிக்குதுடா. இனிமே நான் வரல." என் வீடு நான்காம் மாடி, அவனால் ஏற முடியாது. அவன் வீட்டில் மருமகளுக்குப் பகடைச் சத்தம் ஆகாது. பிறகு எங்கே?

அக்டோபர் 10
போனின் தலையில் ஒரு கரும்புள்ளி. பழுதோ என்று போனில் இருந்த ஆப் எல்லாவற்றையும் துழாவினேன். பழுதில்லை. ரிமோட் செய்கிற வேலையை அது செய்கிறது! வீட்டு டிவியை நோக்கி அழுத்தினேன், அணைந்தது. எவாந்தியாவின் போனில் தேடினேன். அதில் இல்லை. பாவம்.

அக்டோபர் 11
ஒரே ஒரு நாள் என்று பொலிதோரோஸை இழுத்துப் போனேன். செய்தி படிப்பதுபோல் போனைத் தூக்கிப் பிடித்தேன். சத்தம் இறங்கியது. ஸ்ட்ராத்திஸ் ஏற்றினான். இறக்கினேன். ஏற்றினான். ரிமோட்டின் பேட்டரியை மாற்றினான். இறக்கினேன்.
"ஏண்டா திருட்டு முழி முழிக்கிற?" என்றான் பொலிதோரோஸ்.
கேட்டது!

அக்டோபர் 13
இன்றும் இறக்கினேன்.

அக்டோபர் 17
ஸ்ட்ராத்திஸ் கடன் வாங்கிப் புது டிவி வைக்கப் போகிறானாம், சுவர் அகலத்துக்கு. பழையது நாளைக்கே குப்பைக்காம். ஒரு குறையும் இல்லாத டிவி. என்னாலா? நல்ல பொருளைத் தூக்கிப் போட நானா காரணம்? வாயை மூடிக்கொண்டு இருக்கலாம்தான் —
முடியாது.

அக்டோபர் 18
எல்லார் முன்னாலும் போனை நீட்டி டிவியை அணைத்தேன், போட்டேன். "டிவிக்கு ஒரு கேடும் இல்ல. கேடு நான்தான்" என்றேன். மன்னிப்பு கேட்கவில்லை, சத்தத்தைக் குறைக்கச் சொல்லி நான் எத்தனை முறை கேட்டிருப்பேன்? ஸ்ட்ராத்திஸ் ரிமோட்டை வீசினான். சுவரில் பட்டுச் சிதறியது. இனி இந்தப் பக்கம் வராதே என்றான். தாவ்லிப் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினேன். பொலிதோரோஸும் பின்னாலேயே வந்தான்.

அக்டோபர் 19
மழை.

அக்டோபர் 21
ஸ்ட்ராத்திஸ் போனில் கூப்பிட்டான். "சாயந்திரம் மேட்ச் இருக்கு. புது ரிமோட் வர நாளாகுமாம். கொஞ்சம் வந்து டிவியைப் போட்டுக் குடுங்க பெரியவரே."
"கோவம் போச்சா?"
"போகல. வாங்க."
போனேன். எவ்வளவு சத்தம் வைப்பது என்று நான்தான் முடிவு செய்தேன்.

அக்டோபர் 30
புது ரிமோட் வந்து கல்லாவில் கிடக்கிறது. ஸ்ட்ராத்திஸ் இன்னும் உறையைப் பிரிக்கவில்லை. என் போன் மாடல் எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரித்தான். காபி வரட்டும், சொல்கிறேன் என்றேன். வந்தது.
மூன்று ஆட்டமும் தோற்றேன். "உனக்குப் பகடையும் வராது, புத்தியும் வராது, கிழட்டுக் கழுதை" என்றான் பொலிதோரோஸ்.
ஒரு சொல் விடாமல் கேட்டது.