வெளிச்சத்துக்கு அப்பா போட்ட மார்க்

ஜூன் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் நிரப்பி அனுப்பிய படிவம் கிடைத்தது. பகல் வெளிச்சம் அறைக்குள் எவ்வளவு வருகிறது என்று கருவி அளக்கும். அங்கே இருப்பவருக்கு அது போதுமா என்று அவர்தான் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் உங்கள் தையல் மேஜையில் கருவியை வைத்துவிட்டு வந்தேன். நீங்களோ வாரம் முழுக்க, எல்லா மணிக்கும், ஐந்துக்கு ஐந்து போட்டிருக்கிறீர்கள். செவ்வாய்க்கிழமை மழை மூட்டத்துக்குமா? உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், இல்லையென்றால் என் ஆராய்ச்சி படுத்துவிடும்.

நீங்கள் தைத்தனுப்பிய கறுப்புச் சட்டை அளவெடுத்த மாதிரி இருக்கிறது.

உங்கள் வாலு


ஜூன் 12

அன்பு வாலுவுக்கு,

உனக்குப் போடும் மார்க் என்றல்லவா நினைத்தேன்! பெற்ற மகளுக்கு இரண்டு மார்க் போட எந்த அப்பனுக்குக் கை வரும்? பக்கத்து வீட்டு டீச்சர் பார்த்துவிட்டு, "அண்ணே, இது உங்க பொண்ணுக்கு இல்ல, ஜன்னலுக்கு" என்று ஒரே சிரிப்பு. இந்த வாரம் உள்ளதை எழுதியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

அப்பா


ஜூன் 20

அப்பா,

நல்ல வெயில் என்கிறது கருவி. நீங்கள் உச்சிப்பொழுதுக்கு ஒன்று போட்டிருக்கிறீர்கள். கருவி கெட்டுப்போனதென்று ஆபீசில் எல்லோரிடமும் சண்டை பிடித்தேன்.

இன்று காலை கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் நின்றேன். தையல் முழுக்கக் கருநீல நூல். நாற்பது வருடமாக நூல் நிறத்தில் பிசகாதவர் நீங்கள்.

வெளிச்சத்தில் குறையில்லை அப்பா, கண்ணில்தான். எத்தனை நாளாக மறைக்கிறீர்கள்? ஊர்பேர் தெரியாதவர்கள் வீட்டு ஜன்னலையெல்லாம் அளந்துகொண்டு திரிகிறேன், உங்கள் கண்ணைக் கவனிக்கவில்லை. அழுகையாக வருகிறது.

அடுத்த சனிக்கிழமை வருகிறேன். கண் டாக்டரிடம் நேரம் வாங்கியாகிவிட்டது. "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்று ஆரம்பிக்காதீர்கள்.

வாலு


ஜூலை 28

அன்பு வாலுவுக்கு,

கண் ஆபரேஷன் முடிந்து, கட்டுப் பிரித்துப் பத்து நாளாகிறது. நீ இருந்தபோது சொல்ல வாய் வரவில்லை, இப்போது சொல்கிறேன். இரண்டு மாதமாக டீச்சர்தான் எனக்கு ஊசி கோத்துக் கொடுத்தார். தெரிந்தால் 'கடையை மூடுங்க'ன்னு சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன். மெஷினை விட்டுவிட்டு நான் என்ன செய்வேன்?

நேற்று நானே கோத்தேன், முதல் தடவையிலேயே. அந்தச் சட்டையை உடனே அனுப்பு. பிரித்துத் தைக்கிறேன், மானம் போகிறது.

படிவத்தில் ஒரு வரிதான் எழுதியிருக்கிறேன். இன்று செவ்வாய், மணி பன்னிரண்டு, வானம் மூட்டம்: மூன்று.

சத்தியமாக மூன்றுதான். உனக்கு வேண்டுமானால் தனித்தாளில் ஐந்து போட்டுத் தருகிறேன்.

அப்பா