ஒரு கை குறைந்த பஞ்சாயத்துத் தேர்தல்

இன்று காலை தெருவில் யார் வீட்டிலோ தறியின் பாவு நூலுக்குக் கஞ்சி காய்ச்சும் வாசனை வந்தது. அதே நேரத்தில், நாளை மறுநாள் பஞ்சாயத்துத் தேர்தல் என்று தண்டோராவும் போனது. இரண்டும் சேர்ந்து வந்தால் எனக்கு உன்மேல் கோபம் வராமல் வேறு யார்மேல் வரும், மாப்ளே? நீ போய்ச் சேர்ந்து ஒன்பது மாதம் ஆகிறது. கோபம் மட்டும் போகவில்லை.

பத்து வருஷத்துக்கு முந்தைய அந்தத் தேர்தலை எடப்பாடியில் இன்று எவனும் நினைப்பதில்லை. அன்றும் எவனும் நினைக்கவில்லை, உன்னைத் தவிர. நம் தெருவில் கிணறு கிடையாது. பெண்கள் ஏரிக்கரை வரை போய்க் குடம் சுமந்து வந்தார்கள். பஞ்சாயத்து புதிதாக ஒரு கிணறு வெட்டுவதாக இருந்தது. நம் தெருக்காரர் சென்னியப்பன் ஜெயித்தால் அது நமக்கு. எதிர்த்து நின்ற நூல்கடைக்காரர் ஜெயித்தால் சந்தைக்கு. இதைப் புரியவைக்க நீ நாலு நாள் தறியை நிறுத்திவிட்டு வீடு வீடாக ஏறி இறங்கினாய். என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். ஓட்டுச்சீட்டு கிடையாது; கை தூக்குவதுதான் ஓட்டு, அதற்கும் ஆண்கள்தான் போவார்கள்.

"நாம போயி கை தூக்கித்தான் அவுரு ஜெயிக்கோணுங்களா?" என்றார் ஒருவர். இன்னொருவர் "ஆகட்டுங்க, பாக்கலாம்" என்று வெற்றிலையை மென்றார். வரமாட்டேன் என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார் என்று உனக்கு மட்டும் புரியவில்லை. தேர்தலன்று காலையில் பார்த்தால், ஆறு வீட்டுக்காரர்கள் தெருவில் பாவு நூலை நீள இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஈரத்தோடு விட்டுப் போனால் நூல் ஒட்டிப் பாழாகும். தெரிந்தேதான் அந்த நாளில் போட்டார்கள். நான் திட்டத் தொடங்கினேன்.

நீயோ சிரித்துக்கொண்டே, "நீங்க போயி கை தூக்குங்க சாமி. பாவ நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கறோம்" என்றாய். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? அவர்கள் போனார்கள். நீயும் நானும் கஞ்சி தடவும் தூரிகையைப் பிடித்துக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினோம். பெண்கள் வாசற்படியில் உட்கார்ந்து ஊடை நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டே பார்த்தார்கள். தெருவில் பாவு வேலை ஆண்களுடையது.

மதியம் ஆட்கள் திரும்பினார்கள். பள்ளிக்கூடத்தின் முன்னால் அதிகாரி, தூக்கிய கைகளை இரண்டு தரம் எண்ணினாராம். நமக்கு ஒரு கை குறைவு. நம் இருவர் கைகளும் கஞ்சியில் இருந்தன. நான் தூரிகையை வீசிவிட்டுக் கத்தினேன். நீ என்ன சொன்னாய்?

"ஒரு இழைகூட அறுகல, பாத்தியா மாப்ளே."

ஒரு மாதம் உன்னோடு பேசவில்லை. கிணறு சந்தைக்குப் போனது.

இன்னும் கிணறு வராத நம் தெருவுக்காக இப்போது நான் வீடு வீடாகப் போகிறேன். அதே வெற்றிலை, அதே 'பாக்கலாங்க'. இன்று முழுதும் நடந்து வாய் வறண்டு, கடைசியில் உன் வீட்டில் தண்ணீர் கேட்டேன். உன் மனைவி சொம்பை நீட்டினாள்.

"இந்தத் தடவையும் பாவ நனைச்சுப் போட்டுட்டு ஒக்காந்துக்குவாங்க, அம்மிணி" என்று புலம்பினேன்.

"போட்டா போடட்டுங்கண்ணா. நாங்க பொம்பளைங்க பாத்துக்கறோம். அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் பாத்திருப்பமுங்க. தண்ணி சொமக்கறது நாங்கதானுங்களே" என்றாள்.

நாலு நாள் எத்தனை படி ஏறினோம், மாப்ளே. அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தவர்களிடம் ஒரு தரம்கூடப் பேசவில்லை. பத்து வருஷமாக உன்மேல் வைத்திருந்த கோபத்தில் பாதியை இனி நான்தான் சுமக்க வேண்டும்.