கடல் பார்க்கப் போன லட்சணம்

அம்மாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் முட்டி வலியும் அப்பாவின் இருமலும் தேவலையா?

விடுமுறைக்கு அறைக்கூட்டாளி என்னை ஒரு கடற்கரை ஊருக்கு இழுத்துப் போனான். ஊராம் ஊர், ஒரு தெருவும் நாலு கிளிஞ்சல் கடையும்தான். யானைப் பாறை என்று காட்டினார்கள். எனக்கு அது பழுதான கம்ப்ரசர் மாதிரிதான் தெரிந்தது. பாறை ஓட்டை வழியே கடல் பீறிடுவதைப் பார்க்க டிக்கெட் வேறு.

"தள்ளி நில்லுங்க தம்பி, ஆளையே தூக்கிடும்" என்றார் காவலாளி.

"வெறும் காத்தழுத்தம்தாண்ணே, எவ்வளவு உயரம் வரும்னு கணக்குப் போட்டுட்டேன்" என்று விளிம்பில் நின்று படமெடுத்தேன். தண்ணீர் என்னைக் கவிழ்த்துப் போட்டது. முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். போன் கடலுக்குள் போய்விட்டது.

"இன்ஜினியர் சாருக்கு விடை வந்துடுச்சா?" என்று சிரித்தான் கூட்டாளி, கழுதை.

உங்கள் எண் எனக்கு மனப்பாடமில்லை, அதனால்தான் கடிதம். அந்தக் கழுதையின் எண்ணை உறையின் பின்புறம் எழுதியிருக்கிறேன், கூப்பிடுங்கள். எடுக்காவிட்டால் பேசிப் பதிந்து அனுப்புங்கள். நீங்கள் முன்பு அனுப்பிய குரல் பதிவெல்லாம் போனோடு போயிற்று. ஷிப்ட் முடிந்து வந்தால் அதைப் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் தூங்குவேன். திட்டினாலும் சரி, கொஞ்சம் நீளமாகப் பேசுங்கள்.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

உங்கள் மகன்