உப்பு பார்க்காத உருண்டை

புரட்டாசி 8, புதன்

காலையில் தூறல். ஆரம்பாக்கத்தில் ரயில் லேட். கம்பெனிக்கு ஓடிப்போய் வருகை பஞ்ச் வைப்பதற்குள் மூச்சு வாங்கிவிட்டது.

ஹெச்.ஆர். சார் கேன்டீனுக்கே வந்தார். அடுத்த மாதம் கேன்டீன் வெளி கான்ட்ராக்டருக்குப் போகிறது, தெரிந்ததுதான். சனிக்கிழமை முதலாளி வீட்டாருக்கும் அந்தக் கான்ட்ராக்டருக்கும் பார்ட்டியாம்.

"தேவகிம்மா, கிளப் சாண்ட்விச் தெரியும்ல? அதையே ஒரே வாய்ல போடற மாதிரி உருண்டை புடிச்சுப் பொரிக்கணும். மேடம் வீடியோல பாத்தாங்களாம். கான்ட்ராக்டர் சாப்ட்டுப் பாக்கட்டும். பழைய ஆளுங்கள்ல ஒருத்தரத்தான் வெச்சிக்குவாரு."

ஒருத்தர். சமையலில் நாங்கள் நாலு பேர். மற்ற மூவரும் என்னைவிடச் சின்னவர்கள், வேகமாக வேலை செய்பவர்கள். எனக்குக் கிடைக்காது. ஆனாலும் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

கிளப் சாண்ட்விச்சைக் கண்ணால் பார்த்ததில்லை.

புரட்டாசி 9, வியாழன்

லீவு போட்டேன். வெயில்.

வாங்க (போனில் வீடியோ பார்த்து எழுதியது): ரொட்டி, கோழி (எலும்பில்லாமல்), சீஸ், மயோனைஸ், வெள்ளரி, ரொட்டித் தூள். துணி சோப்பும்.

கோழிப் பையோடு வாசலில் நுழைந்ததும் இவர் பிடித்துக்கொண்டார். முதுகு போனதிலிருந்து கட்டிலில்தான், ஆனால் கண் வாசலில். "இன்னா தேவகி, ஊட்டுக்குள்ள கோழியா? வேண்டிக்கினது நீதான?"

நான்தான். இந்த வேலை நிலைக்க வேண்டும், புரட்டாசி முழுக்கக் கவுச்சி வாயில் வைக்கமாட்டேன் என்று பெருமாளிடம் சொன்னது நானேதான். வேலை போனால் இந்த வீட்டில் வேறு சம்பளம் இல்லை.

பக்கத்து அறை ஒடிசாக்காரர்களின் அடுப்பில் வைத்துப் பார்த்தேன். ரொட்டி ஓரம் வெட்டி, சப்பாத்திக் கட்டையால் தட்டையாக்கி, நடுவில் உதிர்த்த கோழி, சீஸ், வெள்ளரி. முதல் ஈடு எண்ணெயில் வாய் பிளந்தது. வெள்ளரித் தண்ணீர்தான் காரணம். வெள்ளரியை உப்புப் போட்டுப் பிசறி, பிழிந்துவிட்டு வைத்தேன். நின்றது. நல்ல பொன்னிறம்.

உப்பு பார்க்க ஆள் வேண்டும். கேன்டீன் மூவரிடம் எப்படிக் கேட்பது? அவர்களுக்கும் அதே இடம்தானே வேண்டும். சந்தோஷுக்குக் கொடுத்தேன், அந்த ஒடிசா அறைக்காரன், இரும்புக் கம்பெனி ஆள்.

"அச்சா அக்கா! பஹுத் அச்சா!"
"உப்பு?"
"உப்பு அச்சா."

என் ரசத்துக்கும் இதையேதான் சொல்வான். பெருமாளுக்குப் படைப்பதை ருசி பார்த்தா செய்கிறேன்? கை தெரிந்து போடும். அப்படிச் சொல்லிக்கொண்டேன். தூக்கம் வரவில்லை.

புரட்டாசி 11, சனி

விரதம். வெறும் வயிறு. எண்ணெய்ப் புகை.

மழையால் பார்ட்டியை உள்ளே மாற்றினார்கள். தட்டில் அடுக்கியபோது அழகாகத்தான் இருந்தன. கதவோரம் நின்று பார்த்தேன். எல்லோரும் ஒன்று எடுத்தார்கள். யாரும் இரண்டாவது எடுக்கவில்லை. கான்ட்ராக்டர் கடித்தார், டிஷ்யூவில் சுருட்டினார், பூந்தொட்டிக்குள் போட்டார். மேடம் தண்ணீர் கேட்டார்கள்.

ஹெச்.ஆர். சார்: "நல்லாத்தான் இருந்துச்சும்மா. ஆனா அவரு தன் ஆளுங்களையே கூட்டினு வராராம்." நாலு பேருக்குமே இல்லை. மாதக் கடைசியோடு சரி.

ரயிலில் தூக்கு மடியில் கனத்தது. ஏறக்குறைய எல்லாமே திரும்பி வந்திருந்தது.

புரட்டாசி 12, ஞாயிறு

மிச்சத்தைச் சந்தோஷ் அறைக்குக் கொடுத்தேன். தட்டு வாங்கப் போனபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கவளம் சோறு, உருண்டையில் ஒரு கிள்ளு. ஊறுகாய் மாதிரி.

"உப்பா?" என்றேன்.
சிரித்தான். "தோடா... கொஞ்சம் ஜாஸ்தி, அக்கா. சோறு கூட அச்சா."
"அன்னைக்கே சொல்றதுக்கு இன்னா?"
"அக்கா ஆசையா குடுக்குது. எப்டி சொல்றது?"

சீஸிலேயே உப்பு. மயோனைஸில் உப்பு. வெள்ளரியில் நான் பிசறியது. அதன் மேல் கோழிக்குப் போட்ட கைப்பிடி. பாவம், அவனைத் திட்டி என்ன?

இவரிடம் சொன்னேன். நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்னாண்ட குடுத்திருக்கலாமே."
"நீங்களும் சாப்பிடறதில்லன்னு..."
"வேண்டிக்கினது நீதான? ஊட்ல கோழி வேணான்னு சொன்னேன். நான் துன்னமாட்டேன்னு எப்போ சொன்னேன்?"

கிணற்றடிக்குப் போய் அழுதேன்.

புரட்டாசி 17, வெள்ளி

மழை. சோப்பு வாங்க மறுபடி மறந்துவிட்டேன். மூன்று கம்பெனி கேட்டில் விசாரித்தேன். "போன் நம்பர் குட்த்துட்டுப் போ" என்றான் ஒருவன். எழுதிக்கூடக் கொள்ளவில்லை.

புரட்டாசி 18, சனி

எதற்கு என்று தெரியவில்லை. ஆனாலும் குளித்து அடுப்பு பற்றவைத்தேன். வேண்டுதலைப் பாதியில் விடப் பயம். புளியோதரை, கொஞ்சம் சுண்டல். வழக்கம்போல ருசி பார்க்கவில்லை. கை அளந்து போட்டதுதான். படைத்துவிட்டு இவருக்கு வைத்தேன், நானும் ஒரு வாய் போட்டுக்கொண்டேன்.

உப்பு சரியாக இருந்தது.