பெரிய டர்போ, சின்ன டர்போ

மார்ச் 4

மாமாவுக்கு,

வணக்கம். போனில் பேசினால் என் முதல் வாக்கியம் முடிவதற்குள் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வெட்ட முடியாது என்பதால் எழுதுகிறேன். இங்கே இருவரும் சுகம். உங்கள் முழங்கால் வலிக்கு நான் அனுப்பிய தைலம் கேட்டதா?

விஷயம் இதுதான். பழைய இரண்டு லிட்டர் டர்போ கார் ஒன்று எடுத்திருக்கிறோம். பார்க்கச் சின்னக் கார், ஆனால் வேகமான ரகம். அதன் டர்போ தேய்ந்துபோய்ச் சைலன்சரில் நீலப் புகை. அதைக் கழற்றிவிட்டு வெளிச்சந்தையில் ஒன்று வாங்கிப் பூட்டலாம் என்று எண்ணம். பெரியதாகப் போடலாமா, நடுத்தரமாகப் போடலாமா? தினமும் வேலைக்குப் போய்வரவும் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் கொஞ்சம் விரட்டவும் வேண்டும். இத்தனை காலமாக டர்போ கடை வைத்திருக்கும் உங்களைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பது?

உங்கள் மகள் உங்களோடு பேசி ஐந்து வருடமாகிறது. நான் எழுதுவது அவளுக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதையே பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டேன்.

மரியாதையுடன்,
மாப்பிள்ளை

மார்ச் 13

மேன்மை தங்கிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

தைலம் கேட்கவில்லை. டப்பா நன்றாக இருக்கிறது, ஆணி போட்டு வைத்திருக்கிறேன்.

தங்கள் கடிதத்தைக் கடையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். வெகு நாளைக்குப் பிறகு வயிறு குலுங்கச் சிரித்தோம். மருந்துக்கடையில் மாத்திரை எண்ணுகிற கைக்குப் பெரிய டர்போ கேட்கிறதா? எந்த அறிவாளி தங்களுக்கு இந்த யோசனையைச் சொன்னான்? அவனுக்கும் ஒரு டப்பா தைலம் கொடுங்கள், தலையில் தேய்த்துக்கொள்ளட்டும்.

தங்களுக்குப் புரிகிற மாதிரியே சொல்கிறேன். எஞ்சின் வெளியே தள்ளுகிற புகைதான் டர்போவைச் சுழற்றும். அது சுற்றினால்தான் எஞ்சினுக்குக் கூடுதல் காற்று. பெரிய டர்போவைச் சுழற்றப் புகையும் நிறைய வேண்டும். சிக்னலில் பச்சை விழுந்ததும் தாங்கள் மிதிப்பீர்கள். ஒன்றும் நடக்காது. காய்கறி மூட்டையோடு பக்கத்தில் நிற்கிற ஸ்கூட்டர் போய்விடும். பள்ளிக்கூட வேன் போய்விடும். அப்புறம் அது கண் விழித்து, தங்களைத் தூக்கிக்கொண்டு போய் முன்னால் நிற்கிற லாரியின் முதுகில் ஒட்டவைக்கும். பக்கத்து இருக்கையில் என் மகள் இருப்பாள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கவும்.

இருப்பதிலேயே சின்னது போடுங்கள். அதற்கு மேல் போனால் கம்பெனியில் போட்டுக் கொடுத்த எஞ்சின் தாங்காது. பிஸ்டனைத் தாங்குகிற ராட் வளைந்து, எஞ்சினில் ஓட்டை போட்டு வெளியே வந்து, தங்களுக்கு வணக்கம் சொல்லும்.

அவள் பேசாததைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். கடைச் சாவியை அவளிடம் கொடுக்காமல் என் அக்கா மகனிடம் கொடுத்தேன். "கிரீஸ் கையோட நிக்கிறவளை எவன் கட்டுவான்?" என்று அவளைக் கேட்டேன். பெற்றவன் கேட்காமல் வேறு யார் கேட்பது? ஒரு போன் செய்தால் அவள் விரல் ஒன்றும் தேய்ந்துவிடாது.

இப்படிக்கு,
மாமனார்

மார்ச் 22

மாமாவுக்கு,

வணக்கம். கடையில் எல்லோரும் சிரித்ததில் சந்தோஷம். இதையும் படித்துக் காட்டுங்கள்.

சின்ன டர்போ சரிப்படாது. கம்பெனி எஞ்சின் என்று உங்களுக்கு யார் சொன்னது? நான் எழுதவில்லை. இந்த எஞ்சினில் ராடும் பிஸ்டனும் மாற்றியாகிவிட்டது. எஞ்சின் தலையில் இருக்கிற ஹெட்டில் காற்று போகிற வழியை அராவி அகலப்படுத்தியாகிவிட்டது. நிமிஷத்துக்கு ஏழாயிரம் சுற்று வரை அலுங்காமல் போகிறது. சின்னதைப் பூட்டினால் ஐயாயிரத்திலேயே அதற்கு மூச்சு முட்டும். அதற்கு மேல் காற்றைத் தள்ளாது, சூடாக்கித்தான் கொடுக்கும். மலையில் பாதி ஏறுவதற்குள் நாக்குத் தள்ளிவிடும். பெரியது நாலாயிரம் வரை தூங்கும் என்பதில் மட்டும் நாங்களும் உங்கள் கட்சி. அதனால் நடுத்தரம், உள்ளே குண்டுகள் உருளுகிற பால் பேரிங் வைத்தது. மூவாயிரத்திலேயே விழித்துக்கொள்ளும், மேலே போனாலும் மூச்சு வாங்காது.

நான் மாத்திரை எண்ணுகிறவன்தான், மாமா. ஆனால் டாக்டர் சீட்டைப் பார்க்காமல் யாருக்கும் மாத்திரை கொடுத்ததில்லை.

மாப்பிள்ளை

ஏப்ரல் 2

மாப்பிள்ளைக்கு,

இந்த முறை யாருக்கும் படித்துக் காட்டவில்லை.

கணக்குச் சரி. ஆனால் இது உங்கள் சரக்கில்லை. ஸ்பேனரில் எந்தப் பக்கத்தைப் பிடிப்பது என்றே உங்களுக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் கடைக்கு வந்தபோது, நாற்காலி காலியாக இருக்க, ஜாக்கி மேல் உட்கார்ந்தவர் நீங்கள். உங்களுக்குப் பின்னால் வேலை தெரிந்த ஒருவன் இருக்கிறான்.

என் அக்கா மகனைப் பற்றிச் சொல்லவே வாய் கூசுகிறது. கேட்டவனுக்கெல்லாம் கேட்ட அளவில் பூட்டி அனுப்புகிறான். போன மாதம் மூன்று கார்கள் கயிறு கட்டி இழுக்கப்பட்டுத் திரும்பி வந்தன. ஒவ்வொன்றையும் பார்த்து, "பெட்ரோல் சரியில்ல மாமா" என்கிறான். கடைக்குக் கண்ணாடிக் கதவு போட்டிருக்கிறான், ஏசி போட்டிருக்கிறான். மண்டைக்குள் போட ஒன்றும் கிடைக்கவில்லை போல.

அந்த ஹெட்டை அராவினவனை இங்கே அனுப்புங்கள். கடையில் பாதியை அவன் பேருக்கு எழுதித் தருகிறேன். உங்களோடு இருந்து அவன் கெட்டுப்போக வேண்டாம்.

மாமனார்

ஏப்ரல் 9

மாமாவுக்கு,

அந்த ஹெட்டை அராவியது உங்கள் மகள்.

எனக்கு லைசென்ஸே கிடையாது. கார் அவளுடையது. வாடகைக் கொட்டகை ஒன்றில் அவளே எஞ்சினை இறக்கி, அவளே பிரித்து, அவளே பூட்டினாள். நான் டார்ச் பிடித்தேன். அதையும் ஒழுங்காகப் பிடிக்கவில்லை என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். இப்போது அந்தக் கொட்டகைக்கு மற்றவர்களின் கார்களும் வருகின்றன. அதில் இரண்டு உங்கள் அக்கா மகன் பூட்டி அனுப்பியவை.

எந்த டர்போ என்று அவளுக்கு முதல் நாளே தெரியும். "என்ன எஞ்சின்னு எழுதாத. கேக்கறாரான்னு பாப்போம்" என்றாள். கடைக்கு எவர் வந்தாலும் நீங்கள் முதலில் கேட்கிற கேள்வி அதுதானாமே. உங்கள் பதிலைப் படித்துவிட்டு, "சாவி குடுத்த அன்னைக்கு என்கிட்டயும் ஒண்ணும் கேக்கலை" என்றாள். அப்புறம் எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டாள்.

கடையில் பாதி அவளுக்கு வேண்டாமாம். முழுவதும் அக்கா மகனுக்கே இருக்கட்டுமாம். கண்ணாடிக் கதவைத் துடைக்க ஓர் ஆள் வேண்டுமே என்கிறாள்.

என் பங்குக்கும் ஒன்று. கிரீஸ் கையோடு நிற்கிறவளை எவன் கட்டுவான் என்று கேட்டிருந்தீர்கள். நான்தான்.

மாப்பிள்ளை

ஏப்ரல் 20

மாப்பிள்ளைக்கு,

பார்சல் ஒன்று வரும். நடுத்தரம், பால் பேரிங். புதியதுதான் என்றாலும் நானே பிரித்து, பாலன்ஸ் பார்த்துப் பூட்டியிருக்கிறேன். அக்கா மகனைத் தொடவிடவில்லை.

எண்ணெய் திரும்பி இறங்குகிற குழாய் நேராகக் கீழே இறங்க வேண்டும். நடுவில் தொங்கினால் எண்ணெய் தேங்கி மறுபடியும் நீலப் புகைதான். இது உங்களுக்குப் புரியாது. அவளுக்குத் தெரியும். நான் எழுதவே தேவையில்லை. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

டர்போ விஷயத்தில் அவள் சொன்னது சரி, நான் சொன்னது தப்பு. இந்த வரியை அவளிடம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். வழக்கம்போல மென்று முழுங்காதீர்கள். சிரித்தாளா என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.

மாமனார்

மே 1

மாமாவுக்கு,

பார்சல் வந்தது. வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டாள். நடுத்தர டர்போவைப் போன மாதமே வேறு இடத்தில் வாங்கிப் பூட்டிவிட்டாள். கார் நன்றாக ஓடுகிறது. புகை இல்லை.

உங்கள் கடிதத்தைக் கொட்டகைக்கு எடுத்துப் போய்ப் படித்துக் காட்டினேன். அவள் காருக்கு அடியில் படுத்திருந்தாள், கால் மட்டும்தான் தெரிந்தது. நீங்கள் சொன்ன வரியை மென்று முழுங்காமல் சத்தமாகவே படித்தேன். சிரிக்கவில்லை, மாமா. குழாயைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அதில் 'அவளுக்குத் தெரியும்' என்று வருகிற இடத்தை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

மாப்பிள்ளை