தொப்பிக் கரடிக்குள் இருந்தவர்

வேர்வை வாடையோடு வீட்டுக்குள் நுழைந்து என்னைத் தூக்கிக்கொண்ட என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. நேற்றுத்தான் திதி. தம்பி ஆற்றில் முங்கி, எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வந்தான். நான் படையல் போட்டேன். அவியலில் உப்பு கொஞ்சம் கூடிப்போயிற்று. நீங்கள் இருந்திருந்தால் ஒன்றும் சொல்லாமல் மோரை ஊற்றிச் சாப்பிட்டு எழுந்திருப்பீர்கள்.

நேற்று நடந்த ஒன்றை உங்களிடம் கேட்காமல் எனக்குத் தூக்கம் வராது. ஆனால் போன வாரத்திலிருந்து சொன்னால்தான் புரியும்.

வண்ணார்பேட்டையில் நம் தெருமுக்கில் உங்களுக்கு ஒரு பிளெக்ஸ் வைக்க நினைத்தோம். காதுகுத்துக்கெல்லாம் வானம் மறைகிற மாதிரி வைக்கிறார்கள், என் அப்பாவுக்கு இல்லாமலா? வீட்டைப் புரட்டிப் போட்டுத் தேடினேன். உங்கள் முகம் தெரிகிற படம் வாக்காளர் அட்டையில் இருப்பது ஒன்றுதான். மற்ற எல்லாவற்றிலும் நீங்கள் கரடி. பொருட்காட்சியில் கரடி, நாங்குநேரித் தேரோட்டத்தில் கரடி. ஒன்பதாம் வகுப்பில் நான் பரிசு வாங்கிய படத்தில்கூட என் தோளில் கைபோட்டு நிற்பது சிவப்புத் தொப்பி வைத்த கரடிதான்.

இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தொப்பிக் கரடியைத் தெரியாது. மக்காச்சோளப் பொரி பாக்கெட்டின் மேல் அது பல்லைக் காட்டிச் சிரிக்கும். பொரிக்குள் கையை விட்டால் ஒரு பிளாஸ்டிக் விசில், இல்லையென்றால் மோதிரம், அதுவும் இல்லையென்றால் கரடி ஸ்டிக்கர் கிடைக்கும். அந்த ஸ்டிக்கர் ஒட்டாத பீரோ நம் தெருவில் கிடையாது. பொரிக் கம்பெனி வேனில் கரடி வேஷம் கட்டி ஊர் ஊராக ஆடப் போனவர் நீங்கள். கரடி வாய் திறந்து பேசக் கூடாது, பிள்ளைகள் முன்னால் தலையைக் கழற்றக் கூடாது என்பது கம்பெனிக் கட்டளை. அந்தத் தலையைப் போட்டுக்கொண்டு சித்திரை வெயிலில் எப்படித்தான் ஆடினீர்களோ! அம்மா தண்ணீர்க் குடமும் துண்டுமாகக் கூடவே வருவாள். இரண்டு பேரும் நனைந்து போய்த் திரும்புவீர்கள்.

பிளெக்ஸ் கடை அண்ணாச்சி வாக்காளர் அட்டையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "தாயி, இதப் பெருசாக்குனா மூக்கும் வாயும் ஒண்ணா அப்பிரும். அந்தக் கரடியப் பெருசாப் போட்டு, அப்பாவ மூலையில வட்டத்துக்குள்ள வச்சிருவமா?" தம்பி சரியென்று தலையாட்டிவிட்டான். எனக்கு மனசே இல்லை.

நான் பயந்த மாதிரியே நடந்தது. பிளெக்ஸ் கட்டிய அன்றைக்கே ஒருவன் பைக்கை நிறுத்தி, "ஏலே, தொப்பிக் கரடி செத்துப்போச்சாம்லே!" என்று படம் பிடித்தான். பழைய பாக்கெட், பழைய விசில் சேர்த்து வைக்கிறவர்களுக்கென்று போனில் ஒரு குழு இருக்கிறதாம். அங்கே போய்விட்டது படம். எங்கெங்கோ இருப்பவர்கள் அழுது எழுதினார்கள். என் சின்ன வயசே போய்விட்டதென்று ஒருவர், கரடி மாமா எங்களை விட்டுப் போயிட்டீங்களே என்று இன்னொருவர். கீழே உங்கள் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஒருவர்கூடப் படித்ததாகத் தெரியவில்லை.

"விடுக்கா, ஊரே அழுதுல்லா" என்றான் தம்பி.

"ஊரு கரடிக்கு அழுதுலே. அப்பாவுக்கா அழுது?" என்றேன். உங்கள் முகத்தைப் பார்த்தவர் ஒரே ஒருவராவது வந்து, ஆமாம், இவர்தான் என்று சொல்லமாட்டாரா? அந்த ஒரு சொல்லுக்காகத்தான், திதிக்கு வரலாமா என்று அந்தக் குழுக்காரர்கள் கேட்டபோது வாருங்கள் என்றேன்.

வந்தார்கள். பை நிறைய விசிலும் மோதிரமும் கொண்டுவந்து உங்கள் வாக்காளர் அட்டைப் படத்துக்கு முன்னால் வைத்தார்கள். முன்தலை வழுக்கையான ஒரு மனிதர் தன் விசிலை எடுத்து ஒருதரம் ஊதிவிட்டு, கர்ச்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன்.

திசையன்விளையில் தையல்கடை வைத்திருக்கும் ஜெயா என்கிற பெண்ணும் அவர்களோடு வந்திருந்தாள். கும்பிடப் போனவள் உங்கள் படத்தைக் குனிந்து பார்த்தாள். பிறகு என்னிடம், "இவியளா கரடி?" என்றாள்.

"ஆமா. எங்க அப்பா."

"இல்லக்கா. நான் கரடி மொகத்தப் பாத்துருக்கேன். இவிய இல்ல."

எனக்கு வந்ததே கோபம்! "திதி அன்னைக்கு வீட்டுக்குள்ள நின்னு என்ன பேச்சு பேசுத?"

"கோவப்படாதீய. எங்க பள்ளிக்கூடத்துக்கு வேன் வந்தன்னைக்கு நான் தண்ணி குடிக்கப் பின்னால போனேன். வேன் மறவுல கரடி தலையக் கழத்தி வச்சிட்டு உக்காந்துருக்கு. உள்ள ஒரு பொம்பள. அவுந்த கொண்டைய முடிஞ்சிக்கிட்டு இருந்தாவ. என்னப் பாத்ததும் உதட்டுல வெரல வச்சி, கை நெறய விசில் தந்தாவ. கரடி பொம்பளைன்னு நான் வீட்டுல சொன்னதுக்கு இன்னிக்கி வரைக்கும் கேலி பண்ணுதாவ."

அடுக்களை வாசலில் இலை நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றுவிட்டது. ஜெயா அவளைப் பார்த்தாள். பார்த்தபடியே கிட்டப் போனாள். "எம்மா, நீங்கதான?"

"வந்தவிய எல்லாரும் ஒரு வா சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள் அம்மா.

எல்லோரும் போனபிறகு பின்கட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றேன். அவள் நிமிரவில்லை. "அதுக்குள்ள ஒங்க அப்பாவுக்கு மூச்சு முட்டும் ஏட்டி. ஒருநா ஆடிக்கிட்டு இருக்கும்போதே சரிஞ்சிட்டாவ. கம்பெனிக்குத் தெரிஞ்சா வேற ஆளப் போட்டுருவான், நம்ம வயித்துக்கு என்ன செய்ய? வேன் ஓட்டுன அண்ணாச்சி நல்ல மனுசன், வாயத் தொறக்கல. ஒங்க அப்பா பொரிப் பொட்டிக்கு நடுவுல படுத்துக் கெடப்பாவ. நான் மாட்டிக்கிட்டு ஆடுவேன்."

"எத்தன நாளும்மா?"

"நீ ஆறாவதுக்குப் பெரிய பள்ளிக்கூடம் போனதுல இருந்து கம்பெனிய மூடுத வரைக்கும்."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"அவியதான் சொல்லப்படாதுன்னாவ. பிள்ளைய எங்கப்பா எங்கப்பான்னு பெருமையாத் திரியுது, இருந்துட்டுப் போட்டும்னாவ. செத்த மனுசன் மானத்த நானா போட்டு ஒடைப்பேன்?"

அப்பா, ஏன் அப்படிச் சொன்னீர்கள்? இளைப்பு வந்து படுத்தால் மானம் போய்விடுமா? பொரிப் பெட்டிகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டு, வெளியே பிள்ளைகள் கத்துவதைக் கேட்டபோது உங்களுக்கு எப்படி இருந்தது? எனக்கு உங்கள்மேல் கோபமாக வருகிறது. அடுத்த நிமிடமே அழுகை வருகிறது. பரிசு வாங்கிய படத்தில் என் தோளில் கிடக்கும் கை யாருடையது? அம்மாவிடம் அதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அம்மாவால் இப்போது கழுத்தைத் திருப்ப முடிவதில்லை. யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்புகிறாள். எலும்பு தேய்ந்திருக்கிறது, தலையில் சுமை தூக்குகிற வேலையா என்று போன மாதம் டாக்டர் கேட்டார். இல்லை, எந்த வேலைக்கும் போனதில்லை என்று நான்தான் பதில் சொன்னேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தக் குழுக்காரர்கள் இங்கேயே ஒரு மண்டபத்தில் கூடுகிறார்கள். அம்மாவை அழைத்து வரச் சொல்லி ஜெயா காலையிலிருந்து இரண்டுதரம் போன் செய்துவிட்டாள். "எனக்கு எதுக்குட்டி? அவிய பேரு அப்படியே இருக்கட்டும்" என்று அம்மா பிடிவாதம் பிடிக்கிறாள். உங்களுக்குக் கொடுத்த வாக்காம்.

அந்த வாக்கை நான் உடைக்கப் போகிறேன் அப்பா. உங்கள் முகத்துக்காக நான் அலைந்தது நீங்கள் போனபிறகு. அம்மா முகத்தை ஊர் முதன்முதலில் பார்ப்பது ஒரு கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸிலாக இருக்கக் கூடாது. அவள் உயிரோடு நின்று, நான்தான் ஆடினேன் என்று தன் வாயால் சொல்வதை நாலு பேர் கேட்கவேண்டும். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாவது போவேன். இது சத்தியம். உங்களுக்கு வருத்தமென்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

அம்மாவுக்கும் உங்களுக்கும் பிறந்த
மூத்தவள்